மூக்குக் குழல்

நான் அப்போது சாயா போட எழுந்து போயிருந்தேன். அந்தக் குழலைப் பற்றி அவன் சொன்னபோது நான் அங்கே இல்லை.

இந்த இரண்டு வரியையும் ஜெபகுமாரி ஆறு நாளாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் எடுத்துச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்று, ஓய்வுநாள் பள்ளிப் பரீட்சைக்கு வசனம் படிக்கும் பிள்ளையைப்போல, கிழங்கு தோலுரிக்கும்போதும், ரப்பர் ஷீட்டைப் புகைபோடத் தூக்கும்போதும், ஜெபத்துக்குக் கண்ணை மூடின பிறகும் சொன்னாள். எத்தனை தடவை சொன்னாலும் வாய்க்குப் பழகியதே தவிர மனசுக்குப் பழகவில்லை.

இன்றைக்குப் பதினொரு மணிக்குக் கம்பெனி ஆள் வருகிறார். ஒரு தாளில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

முற்றத்தில் தார்ப்பாயை விரித்து ஒட்டுபாலைக் கொட்டிப் பரத்தினாள். மரத்தில் பால் வெட்டிய கீறலிலும் சிரட்டையின் அடியிலும் உறைந்து ஒட்டிக்கிடக்கும் கழிவு அது. நாற்றம் குடலைப் புரட்டும். முப்பது வருஷத்தில் அவளுக்கு அது சோறு வேகும் மணத்தைப்போல ஆகிவிட்டது. தை முடியப்போகிறது. ரப்பர் இலை முழுவதும் கொட்டிவிட்டது. மழைக்காலத்தில் பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வரும் வீடு இது. இப்போது காலை எட்டு மணிக்கே வெயில் நெற்றியைப் பிடிக்கிறது. கிளைகளுக்கு நடுவே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாமல் வானம் அப்படியே இறங்கி, மொட்டைமாடியில் நிற்கும், தண்ணீர் சுடவைக்கும் சோலார்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அதை வாங்கித் தந்தது மஸ்கட்டில் இருக்கும் மகன் ஸ்டெனி. முந்தின வருஷம் கிறிஸ்துமசுக்கு வந்தவன், அம்மை முட்டுவலியோடு விடியக்காலம் பச்சைத் தண்ணீரில் நிற்பதைப் பார்த்துவிட்டு மார்த்தாண்டத்துக் கடையில் போய்ச் சொல்லிவைத்தான். பில்லும் வாரண்டி அட்டையும் அவள் பேரில். நிலம் புருஷன் ரசலையன் பேரில், வீடும் அவர் பேரில். ரேஷன் அட்டையில் அவள் இரண்டாவது ஆள். தன் பேர் மட்டும் தனியாக அச்சடித்து வந்த அந்த அட்டையை அவள் வேதப்புத்தக உறைக்குள் வைத்திருந்தாள்.

மாட்ட வந்தவன் பிரதீஷ். தக்கலைப் பக்கத்துப் பையன், முப்பது வயசு இருக்கும். ஒல்லி. லோடு ஆட்டோவிலிருந்து கண்ணாடிக் குழல்களை ஒவ்வொன்றாக, தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுப்பதுபோல எடுத்தான். ரசலையன் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபோது அவன் அவரை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"மாமி, நிங்க இஞ்ச வந்து நில்லுங்க. சாதனம் ஒங்க பேருலயாக்கும். ஒங்களுக்குத்தான் நான் சொல்லித் தரணும். மாமன் வேணும்னா ஓரமா நிண்ணு கேக்கட்டும்."

ரசலையன் சிரித்தார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு பொருளைப் பற்றி ஓர் ஆண்பிள்ளை தன்னிடம் நேராக விளக்குவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அவன் சொன்னது இன்றைக்கும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. குழல் ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. நடுவில் காற்றுக்கூட இல்லை, உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். அதனால் வெயில் உள்ளே போகும், சூடு வெளியே வராது. குழலுக்குள் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறித் தொட்டிக்குப் போகும், தொட்டியிலுள்ள பச்சைவெள்ளம் இறங்கி அந்த இடத்துக்கு வரும். மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம். தொட்டி உள்ளே ஸ்டீல், வெளியே தகரம், நடுவில் நுரைபோல ஒன்றை அடைத்திருக்கிறார்கள். பிளாஸ்க்கு மாதிரி. உள்ளே கொதித்தாலும் வெளியே தொட்டால் தெரியாது. தெற்கு பார்த்துச் சாய்த்து வைத்தால்தான் வெயில் முழுசாகக் கிடைக்கும். பச்சைவெள்ளத் தொட்டி இதைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று கல் அடுக்கி அதைத் தூக்கினான். அதிலிருந்து வரும் பைப்பில் கையால் திருப்பி அடைக்க ஒரு வால்வு வைத்தான், அதையடுத்து இன்னொன்று. வெள்ளம் உள்ளே வரலாம், திரும்பிப் போக முடியாது. மழைக்காலத்துக்கு உள்ளே ஒரு கரண்டுக் காயில். சுடுவெள்ளம் குளிமுறிக்குப் போக இன்னொரு பைப்பு.

கடைசியாகத் தொட்டியின் தலையில், வானத்தைப் பார்த்து நிற்கும் ஒரு சின்னக் குழல்.

அந்த இடத்தில்தான் அவள் எழுந்து போனாள். அடுப்பில் பால் வைத்திருந்தாள். அவள் அப்போது எழுந்து போய்விட்டாள்.

*

ஐப்பசியில் மகள் ஜினிஷாவைப் பேறுகாலத்துக்குக் கூட்டிவந்தார்கள். பெண்பிள்ளை. குளியலுக்கு இலைகளைப் போட்டு வேதுவெள்ளம் விறகடுப்பில்தான் காய்ந்தது. ஆனால் நாளைக்கு நாற்பது தடவை கைகழுவவும் பிள்ளையைத் துடைக்கவும் துணி அலசவும் சுடுவெள்ளம் வேண்டும். மழை விடவில்லை. ரப்பர் மரங்கள் இலையோடு நின்று, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்தன. கரண்டு வந்ததும் போனதும் தெரியாது. குழாயைத் திறந்தால் வாயில் வைத்துத் துப்பியதுபோல ஒரு வெதுவெதுப்பு.

ஒரு நாள் விடியற்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனவள் அந்தச் சின்னக் குழலின் வாயிலிருந்து நூல்போல ஆவி எழும்புவதைப் பார்த்தாள். கீழே வந்து புருஷனிடம் சொன்னாள். "வெள்ளம் எங்கணச் சூடாவும்? உள்ள சூடெல்லாம் அந்தக் குழல் வழியா மானத்துக்குப் போவுது. நிங்க அதை ஒண்ணு பாக்கப்பிடாதா?"

பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த ரசலையன் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். ஒட்டுபால் அடைக்காத ஓட்டை அந்த வீட்டில் கிடையாது. வாளி ஒழுகினால் ஒட்டுபால், ஓஸ் வெடித்தால் ஒட்டுபால், ஒருமுறை சர்ச்சில் ஆர்மோனியத்தின் துருத்திக்குக்கூட அவர்தான் ஒட்டுபால் வைத்தார். ஒரு பிடியைச் சுடுவெள்ளத்தில் பிசைந்து, திரிபோல உருட்டி, குழலின் வாயில் திணித்து, மரக்கம்பை வைத்து உள்ளே போகும்வரை சுத்தியலால் தட்டினார். கீழிருந்து பார்த்தால் குழல் முன்பு போலவேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் தண்ணீர் கொஞ்சம் கூடுதல் சூடாக இருந்தது போலத் தோன்றியது. ஜினிஷாவும் அப்படித்தான் சொன்னாள். ரசலையன் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

பிறகு மழை நின்றது. பனி வந்தது, இலை கொட்டியது. யாரும் அந்தக் குழலை நினைக்கவில்லை. தினமும் தண்ணீர் செலவாகிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் புதன்கிழமை பிள்ளையையும் தாயையும் தக்கலையில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிடப் போனார்கள். மூன்று நாள் அங்கே இருந்தார்கள். இங்கே வெயில் அடித்தது. குழாயைத் திறக்க ஆளில்லை.

சனிக்கிழமை மதியம் திரும்பி வந்து குளிமுறிக் குழாயைத் திறந்தபோது அது ஒரு தடவை சீறியது. கொஞ்சம் ஆவி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. ரசலையன் பிரதீஷுக்கு போன் போட்டார்.

அவன் அரைமணி நேரத்தில் பைக்கில் வந்தான். "மாமி, மூணு நாளு சம்பந்தி வீட்டில விருந்தா? நமக்கு ஒரு முறுக்குத் துண்டுமில்லியா?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரோடு மேலே ஏறினான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முறுக்கை எடுத்து ஒரு தட்டில் வைக்க வேண்டும் என்று நினைத்தாள். மேலே குக்கர் விசில் விடாமல் நீண்டதுபோல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து மனுஷக் குரல்.

ரசலையன்தான் ஓடினார். அறுபது வயசில் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். முகத்தின் வலதுபக்கம், கழுத்து, ஒரு கை. அவள் கிணற்றுவெள்ளத்தைக் கோரிக் கோரி அவன்மேல் ஊற்றினாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு, "நான் வால்வை அடைச்சேன் மாமி, அடைச்சிட்டுத்தான் நட்டைத் தொறந்தேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ஜீப்பில் ரசலையன் அவனை மடியில் கிடத்திக்கொண்டு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வெயில் சாயும்போது திரும்பி வந்தார். சட்டையெல்லாம் ஈரம். பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அவள் கீழே நின்றாள். அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்தே நின்றாள். இறங்கி வந்து கை கழுவினார். சோறு கேட்டார். உருண்டை பிடித்ததை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே இருந்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தபோது கம்பெனியிலிருந்து அல்போன்ஸ் என்ற மேலாள் வந்து காத்திருந்தார். நாலுபக்கமும் போட்டோ எடுத்தார். சின்னக் குழலுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பி தடையில்லாமல் இறங்கியது. காற்றுக் குழல் திறந்திருந்தால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறாது, தண்ணீரை வடிக்காமல் நட்டைத் திறந்திருக்கிறான், ஆள் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்.

*

திங்கள்கிழமை ஒட்டுபால் சாக்கைக் கவிழ்த்தபோது அது கையில் வந்தது.

ஒரு விரல் நீளம். ஒரு முனை சுத்தியலடி பட்டுத் தட்டையாகியிருந்தது. உடம்பைச் சுற்றிப் பைப்பின் மரை அப்படியே பதிந்திருந்தது. சூட்டில் கறுத்து, பிசுபிசுத்து, நடுவில் சாய்வாக ஒரு வெட்டு. பால்வெட்டுக் கத்தி மட்டும்தான் அப்படி வளைந்து வெட்டும். ஒட்டுபால் என்றால் சாக்கில்தான் போட வேண்டும் என்று அவர் கை அந்த நேரத்திலும் பழகிய இடத்துக்கே போயிருக்கிறது.

அவள் அதை முந்தியில் முடிந்துகொண்டு புகைப்புரைக்குப் போனாள். ரசலையன் உள்ளே ஷீட்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். புகையில் அவர் முகம் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

"இது சாக்கில கெடந்து" என்றாள்.

அவர் பார்த்தார். "அடுப்பில போடு."

"அந்தப் பிள்ளை வால்வை அடைச்சான்னு சொல்லுகான். அவன் சொல்லுகது நேருதானே, பொய்யில்லியே."

"நேருதான். அதுக்கு நான் என்ன செய்ய? நான் வேணும்னா செய்தேன்? எனக்க பேத்திக்க துணி அலசதுக்குச் செய்தேன். இப்ப நான்தான் அடைச்சேன்னு பறஞ்சா போலீஸ் வரும். கேசு வரும். தக்கலைக்காரங்க ஜினிஷாக்க முகத்தில எப்பிடி முழிப்பாவ? ஸ்டெனி வேலையை விட்டுட்டு ஓடி வரணுமா?"

"அவனுக்கு ஒரு கண்ணு..."

"எனக்குத் தெரியாதா? எனக்க மடியிலதானே கெடந்தான்." கொஞ்சநேரம் விறகைத் தள்ளினார். பிறகு சத்தமே உயராமல் சொன்னார். "சூடெல்லாம் குழல் வழியா போவுதுன்னு பறஞ்சது ஆரு பிள்ளே? நானா?"

முப்பது வருஷத்தில் அவர் அவளை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அடுப்பு வாயில் நின்றாள். முந்தி முடிச்சை அவிழ்க்கக் கை போனது. அவிழ்க்கவில்லை. அவர் அடுத்த ஷீட்டுக்குத் திரும்பிவிட்டார். போட்டுவிட்டாள் என்றே நினைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை ஒட்டுபால் எடுக்க ததேயுஸ் டெம்போவில் வந்தான். வாய் சும்மா இராதவன். சாக்கைத் தராசில் தூக்கிவைத்தபடி, "என்ன மாமி, முகத்தில ஈயாடல்ல? மாமன் வேற குட்டியையும் பாத்து வச்சிருக்காரா?" என்றான். ரசலையன் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார். ததேயுஸ் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினான். கல் கிடக்கிறதா என்று அவன் எப்போதும் பார்ப்பதுதான். "இந்த ஊருக்காரங்க இருக்காவளே, எதை வேணும்னாலும் உள்ள ஒளிச்சு வைப்பாவ" என்றான். அவள் முந்தியை இறுக்கிச் செருகிக்கொண்டாள். அந்த உருளை அவள் இடுப்பில் இருந்தது. சூட்டில் பிசுபிசுத்ததெல்லாம் இப்போது இறுகியிருந்தது. உட்காரும்போது குத்தியது.

*

நேற்று பிந்து வந்தாள். பிரதீஷின் பெண்டாட்டி. அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அண்டியாபீசில் முந்திரி உடைக்கும் வேலை. விரல் நுனிகள் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போயிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் படியில் இருந்தாள்.

ஜெபகுமாரி மயக்கின கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். பிந்து என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் வேகவேகமாகச் சாப்பிட்டாள். பாதியில்தான் அது தெரிந்து, கையை நிறுத்தி வெட்கப்பட்டாள்.

"தின்னு மக்களே. ஆருமில்ல."

"வலது கண்ணைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணு சொல்லிட்டாவ மாமி. கெட்டு அவுத்தாத்தான் தெரியுமாம்." குழம்பைத் தொட்டுக்கொண்டாள். "கண்ணைப் பத்தி அவரு ஒண்ணும் கேக்கல்ல. முதல் ரெண்டு நாளு, குழல் அடைஞ்சிருக்கணும், குழல் அடைஞ்சிருக்கணும்னு அதையே சொல்லிட்டு இருந்தாரு. நர்சுக்குக்கூட படம் வரஞ்சு காட்டினாரு. பெறகு கம்பெனிக்காரரு வந்து போட்டோ காட்டினாரு. கம்பி உள்ள போவுது. தொறந்துதான் கெடக்கு."

"ம்."

"அதைப் பாத்த பெறகு பேச்சில்ல மாமி. ஒரு வார்த்தை இல்ல. நேத்து என்னைப் பக்கத்தில கூப்பிட்டுக் கேக்காரு, பிந்து, நான் வால்வை அடைச்சேனாண்ணு எனக்கே இப்ப தெரியல்லே, ஒருவேளை அடைக்கல்லியோண்ணு. ஏழு வருஷமா இந்த வேலை பாக்காரு. ஒரு வீட்டிலயும் ஒரு சொட்டு ஒழுகினது கெடையாது. கெட்டு போட்ட கையை வச்சு, இப்பிடித் திருப்பினேனா, இப்பிடித் திருப்பினேனாண்ணு காத்தில திருப்பிப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு."

பிந்து தன் கையால் அதைச் செய்து காட்டினாள். கறுத்த விரல்கள் இல்லாத ஒரு வால்வைப் பிடித்து வலப்பக்கம் திருப்பின. ஜெபகுமாரியால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவரு கவனமில்லாமச் செய்தாருண்ணு எழுதிட்டா ஆஸ்பத்திரிச் செலவுமில்ல, வேலையுமில்லேன்னு சொல்லுகாவ. அது போட்டும். நான் அண்டியாபீசுக்குப் போறேன்லா. ஆனா அந்த மனுசனுக்கு அவருமேல உள்ள நம்பிக்கை போச்சே மாமி. அதை நான் எங்க போயி வாங்கிக் குடுப்பேன்?"

எதிரே செம்பருத்தியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து போனது.

"எல்லா வீட்டிலயும் அந்தக் குழலை மூக்குண்ணுதான் சொல்லிக் குடுப்பாராம். மூக்கை அடைச்சா ஆளு செத்துப்போவும், அதில மட்டும் கைவைக்காதீங்கண்ணு. மறக்காம இருக்கதுக்காம். மாமி, ஒங்ககிட்டயும் சொன்னாரா?"

ஐந்து நாளாகத் தயாராக வைத்திருந்த வரி அது. கேள்வியும் வந்துவிட்டது. நான் அப்போது சாயா போட எழுந்து போயிருந்தேன். ஜெபகுமாரி வாயைத் திறந்தாள்.

சோலார் மாட்டிய அன்றைக்குப் பால் பொங்கவில்லை. அதுதான் நடந்தது. பால் அடுப்பில் இருந்தது, ஆனால் பொங்க இன்னும் நேரமிருந்தது. பிரதீஷ் தொட்டியின் தலையில் கையை வைத்து, தன் மூக்கை இரண்டு விரலால் பொத்திக் காட்டி, கண்ணை உருட்டி, "இப்பிடி இருக்கும் மாமி" என்று மூச்சு முட்டுவதுபோல நடித்தான். அவள் சிரித்தாள். முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்நிய ஆண்பிள்ளையின் முன்னால் இப்படிச் சிரிக்கிறோமே என்ற கூச்சத்தில்தான் சட்டென்று எழுந்து, பால் பொங்கும் என்று சொல்லி இறங்கி வந்தாள். எல்லாம் கேட்ட பிறகுதான் வந்தாள். மழைக்காலத்தில் அந்த ஆவியைப் பார்த்தபோது மூக்கு என்ற சொல் நினைவில் ஒரு கணம் வந்தும் போயிற்று. ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டாள். தனக்குச் சொல்லித் தந்தது தனக்குத் தெரிந்ததுதான் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"வெள்ளம் வேணுமா மக்களே?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த நேரம் ரசலையன் தோட்டத்திலிருந்து வந்தார். பிந்து எழுந்து கும்பிட்டாள். "மாமன்தான் அவரைத் தூக்கிட்டு ஓடினியளாம். மறக்கமாட்டோம்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போய் ஒரு குலை மட்டிப்பழத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். பழம் கனமாக இருந்தது. பிந்து அதை ஒக்கலில் பிள்ளையை இடுக்குவதுபோல இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். வளைவு திரும்பும்வரை ஜெபகுமாரி பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட வேண்டும் என்று இருந்தது. கூப்பிடவில்லை.

*

அல்போன்ஸ் பதினொரு மணிக்கு முன்பே வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான். செருப்பை வெளியே கழற்றிப்போட்டு, முட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஸ்டெனி அவரிடம் மஸ்கட்டிலிருந்து பேசியிருக்கிறான். அன்று சூட்டில் உடைந்த கண்ணாடிக் குழல்களை மாற்றித் தந்துவிடுவதாகச் சொன்னார். பிறகு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"ஒண்ணுமில்ல மாமி. பொருள் ஒங்க பேருல இருக்கதனால ஒங்க ஒப்பு வேணும். இது இல்லாம பைலை மூட முடியாது. மாமன் சாட்சி போட்டாச்சு."

ரசலையனின் கையெழுத்து கீழே இருந்தது. மேலே டைப் அடித்த நாலு வரி. அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். சபைப் பெண்கள் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதே அவள்தான். பிரதீஷ் என்பவர் பயன்படுத்தும் முறை எதையும் தனக்கு விளக்கவில்லை என்று ஒரு வரி. காற்றுக் குழல் பொருத்திய நாள்முதல் திறந்த நிலையிலேயே இருந்தது என்று ஒரு வரி. வலதுபக்க மூலையில் புள்ளியிட்ட கோட்டுக்கு அடியில் அச்சடித்து, ஜெ. ஜெபகுமாரி.

"வாசிச்சது போதும்ட்டி. போடு" என்றார் ரசலையன். வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது அவர் அவளை 'ட்டி' போட்டுப் பேசுவதில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை, மேசையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஒன்றும் ஆகாது. அல்போன்ஸ் எழுந்து போவார். மதியத்துக்குச் சோறு வடிப்பாள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபோது அதற்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை. போலீஸ், ஜினிஷாவின் மாமியார், ஸ்டெனியின் குரல், ரசலையனின் அந்த வயசான முகம். பிரதீஷுக்கு அதனால் கண் திரும்பக் கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. எந்தப் பக்கமும் அவளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. இடுப்பில் அந்த உருளை குத்தியது. காற்றில் ஒரு கை வலப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தது.

பேனாவின் மூடியைப் போட்டாள். தாளின்மேல் குறுக்காக வைத்து, இரண்டையும் சேர்த்து அல்போன்ஸின் பக்கம் தள்ளினாள்.

"நான் போடல்லே."

அல்போன்ஸ் புரியாமல் சிரித்தார். "மாமி, சும்மா ஒரு இதுக்காக்கும்..."

"அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லித் தந்தான். எல்லாம் சொல்லித் தந்தான்."

ரசலையனின் கை மேசை விளிம்பில் நின்றது. உள்ளே அடுப்பில் பால் ஏறும் சத்தம் கேட்டது.

"நீ உள்ள போ" என்றார் அவர், மெதுவாக, ஏறக்குறைய அன்பாக. "பால் பொங்குது. போயி சாயா போடு. நான் பேசிக்கிடுகேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் மணம் கூடத்துக்கு வந்தது. ஜெபகுமாரி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.